நேரு பிளேஸில் கணினி தேடிய கதை

தலைநகரில் குடியமர்ந்த தமிழர்க்கு அங்காடிகள் புதியன அல்ல. முருங்கைக்காயும் சேப்பங்கிழங்கும் வேண்டுமாயின் ஐ.என்.ஏ. அங்காடிக்குச் செல்கிறோம், திருமணத்திற்குத் துணிமணி எடுக்கக் கரோல் பாக் செல்கிறோம். அங்கெல்லாம் நமக்கு வேண்டியது இன்னது என்பதை வீட்டிலேயே அறிந்து புறப்படுகிறோம். கணினி வாங்கும்போது மட்டும் பணத்தை மடியில் முடிந்துகொண்டு, கடைக்காரர் வாயையே பார்த்து நிற்கிறோம். அவ்வாறு நின்று ஒருமுறை இழந்தவர்கள் நாங்கள். மறுமுறை அப்படி நேராதிருக்கச் செய்ததை எழுதினால் நம் குடும்பங்களில் சிலருக்கேனும் பயன்படும் என்ற எண்ணத்தால் இதனை எழுதலானோம்.

முதலில் இழந்த கதையைச் சொல்லிவிடுகிறோம். 2015-ஆம் ஆண்டில், இதே நேரு பிளேஸில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில் மடிக்கணினி ஒன்று வாங்கினோம். "ரசீது வேண்டாமென்றால் வரி மிச்சம்" என்றார் கடைக்காரர். மிச்சத்தில் மயங்கி ரசீது இல்லாமலே வாங்கி வந்தோம். எங்கள் அன்னையார் நவராத்திரி கொலுவில் பாடிய பாட்டுகளை அதில்தான் பதிந்து வைத்தோம். 2016-இன் தொடக்கத்தில் அன்னையார் காலமானார். அவ்வாண்டு ஆவணியில் ஒருநாள் கணினியின் வன்தட்டு கடகடவென்று ஒலி எழுப்பிற்று, பின்னர் ஓய்ந்துவிட்டது. ரசீது இன்மையால் உத்தரவாதமும் இல்லை. தரவு மீட்டுத் தருவோர் இருவரிடம் கொண்டு சென்றும் பயன் விளையவில்லை. ரசீது இருந்திருப்பினும் புதிய வன்தட்டுத்தான் கிடைத்திருக்கும். அன்னையாரின் குரல் கிடைத்திராது. வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையாதது எங்கள் பிழையே. அதன் பின் ஒன்பது ஆண்டுகளாக எங்கள் தந்தையார் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. சொல்லாதிருந்ததே எங்களுக்குப் பெருஞ்சுமையாயிற்று.

புதிய வன்தட்டுப் பொருத்தப்பெற்று, அந்தக் கணினி தள்ளாடித் தள்ளாடி 2025 வரை நடந்தது. அவ்வாண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு மேம்பாடுகள் நின்றன. சில நிபந்தனைகளோடு ஓராண்டு நீட்டிப்பு உண்டெனினும், அது நோயாளிக்கு நாள் குறித்துத் தரும் மருந்து போன்றதே. விண்டோஸ் 11-க்கு மாற்றலாமென்றால், இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிற்பட்டனவுமே அதற்கு ஏற்றவை. எங்களுடையதோ அதற்கு மூத்தது. எனவே புதியது வாங்குவதென்று முடிவு செய்தோம். வீட்டில் சேர்ந்திருந்த தொகை 50,000 ரூபாய். கோடை விடுமுறையில் நால்வரும் கும்பகோணம் சென்று வருவதற்கென்று சேர்த்த பணம் அது.

இம்முறை அங்காடிக்குப் புறப்படுமுன் ஒரு தாளை எடுத்து மேசைமீது வைத்தோம். அதில் கணினியின் பெயரை எழுதவில்லை. வீட்டிலுள்ளோர் பெயர்களை எழுதினோம். ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் அவர் கணினியில் செய்யப்போவது யாதென்று குறித்தோம். மகள் பதினோராம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கிறாள். அவளுக்குப் பைத்தான் நிரல்மொழி எழுதவேண்டும், அடுத்த ஆண்டு தரவுத்தளப் பாடமும் உண்டு. எங்களுக்கு வீட்டுக் கணக்கும், சங்கத்தின் கடிதங்களும், ஊர் உறவினரோடு முகம் பார்த்துப் பேசுவதும் போதும். தந்தையாரை நோக்கி, "அப்பா, உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "தமிழில் அடிக்க முடியுமா என்று பாருங்கள். கண்ணுக்கும் எழுத்துப் பெரிதாகத் தெரியவேண்டும்" என்றார்.

தந்தையாருக்கு வயது 79. கும்பகோணத்தில் தமிழ்த் தட்டச்சு பயின்று, 1968-இல் தில்லிக்கு ரயிலேறியவர். இங்கு அலுவலகத்தில் ஆங்கிலத் தட்டச்சே பிழைப்பாயிற்று. இத்தனை ஆண்டுகளுக்குப் பின் அவர் தமிழில் எதை அடிக்க விரும்புகிறார் என்று நாங்கள் கேட்கவில்லை. தாளில் மட்டும் எழுதிக்கொண்டோம்.

கார்த்திகை மாதத்து ஒரு சனிக்கிழமை காலையில் புறப்பட்டோம். ஞாயிறன்று நேரு பிளேஸ் கடைகள் மூடியிருக்கும் என்பதை அன்பர்கள் நினைவிற்கொள்க. மயூர் விஹாரிலிருந்து மெட்ரோவின் இளஞ்சிவப்புத் தடத்தில் ஏறி, புகைமூட்டத்தில் மெலிந்து கிடந்த யமுனையைப் பாலத்தின் மீது கடந்து, லாஜ்பத் நகரில் இறங்கி ஊதாத் தடத்திற்கு மாறினோம். அங்கிருந்து மூன்றாம் நிலையம் நேரு பிளேஸ்.

1962-ஆம் ஆண்டின் தில்லிப் பெருந்திட்டம், நகரின் பல பகுதிகளிலும் மாவட்ட மையங்கள் அமையவேண்டும் என்று வகுத்தது. அவற்றுள் ஒன்றாகத் தில்லி வளர்ச்சிக் கழகம் 1970-களில் எழுப்பத் தொடங்கியதே இந்த நேரு பிளேஸ். அலுவலகங்களுக்கென எழுந்த மாளிகைகளின் அடித்தளங்களிலும் முதல் மாடிகளிலும் கணினிக் கடைகள் வந்து குடியேறின. நடுவில் கல் பாவிய அகன்ற முற்றம். அதனைச் சூழ மேகதூத், தேவிகா, ஹேம்குண்ட் என்ற பெயர்களோடு அடுக்கு மாளிகைகள். ஒருபுறம் துணிக்கடைகளும் உண்டு. ஒரு கையில் பட்டுத்துணிப் பையும் மறு கையில் அச்சுப்பொறியுமாகச் செல்லும் குடும்பங்களை இங்கன்றி வேறெங்கும் காண்டல் அரிது.

படியேறிய உடனே நாலாபுறத்திலிருந்தும் இளைஞர்கள் சூழ்ந்துகொண்டனர். "க்யா சாஹியே, பாய் சாஹப்? லேப்டாப்? பிரிண்டர்? ரிப்பேர்?" என்று ஒரே முழக்கம். இவர்கள் கடைக்காரர் அல்லர். கடைக்கு ஆள் சேர்ப்பவர். இவர்கள் பின்னே சென்றால் நம் தேவை அவர்களுக்குத் தெரியுமுன் நம் பணத்தின் அளவு தெரிந்துவிடும். முற்றத்து ஓரங்களில் சிறு மேசைகளை இட்டுக்கொண்டு, உடைந்த திரைகளை நொடியில் கழற்றி மாட்டும் தொழிலாளர் அமர்ந்திருந்தனர். அவர்தம் விரல்களின் விரைவு எங்கள் ஊர்ப் பூக்கட்டும் பெண்களை நினைவூட்டியது.

மகள் முதலில் எங்களை அழைத்துச் சென்றது விளையாட்டுக்கென அமைந்த மடிக்கணினிகள் நிறைந்த கண்ணாடிக் கடை ஒன்றிற்கு. விசைகள் ஒவ்வொன்றும் வண்ண ஒளி வீசின. அவள் தோழியர் பலரிடம் அத்தகையது இருக்கிறதாம். விலையைக் கேட்டோம், எங்கள் தொகையைத் தாண்டி நின்றது. விலைகுறைந்த மடிக்கணினிகளையும் பார்த்தோம். சிலவற்றில் திரையின் நுண்மை 1366-க்கு 768 புள்ளிகளே. தந்தையாரின் கண்ணுக்கு அது ஆகாது. சிலவற்றில் ராம் எனப்படும் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது, பின்னாளில் கூட்டவியலாது. மகளின் முகம் வாடிற்று. நாங்கள் வற்புறுத்தவில்லை, தாளை மட்டும் அவள் கையில் கொடுத்தோம்.

அடுத்து மேகதூத் மாளிகைக்குச் சென்றோம். காளிதாசன் அன்று மேகத்தைத் தூது விடுத்தான். இன்று உலகம் தன் படங்களையும் பாட்டுகளையும் "மேகத்தில்" சேமிக்கிறது. அந்த வழக்கத்தை 2016-க்கு முன்னரே நாங்கள் கற்றிருக்கலாகாதா என்ற எண்ணம் படியேறும்போது எழுந்தது.

மாடியில் ஒரு சிறு கடை. தலைப்பாகை அணிந்த முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். எவ்வளவு பணம் என்று அவர் கேட்கவில்லை. "யார் பயன்படுத்தப் போகிறார்கள்?" என்று இந்தியில் வினவினார். மகள் தாளை நீட்டினாள். தமிழில் எழுதியிருந்ததை அவளே படித்துப் பொருள் கூறினாள். கேட்டு முடித்ததும் பெரியவர் பொறுமையாக விளக்கினார். அவர் உரைத்தவற்றுள் எல்லார்க்கும் பொதுவானவற்றை ஈண்டுத் தருகிறோம்.

கணினியை வெளியே எடுத்துச் செல்லும் தேவை உண்டா என்பதே முதற் கேள்வி. இல்லையேல் மேசைக்கணினியே நன்று. அதே விலைக்கு ஆற்றலும் மிகுதி, திரையும் பெரிது, பழுதான உறுப்பை மட்டும் மாற்றலாம். மின்தடைக்கு யு.பி.எஸ். ஒன்று வேண்டும், அச்செலவையும் சேர்த்தே கணக்கிடுக.

செயலியின் பெயரை மட்டும் கண்டு மயங்கலாகாது. இன்டெல் ஐ5 என்பது எக்காலத்து ஐ5 என்று நோக்கவேண்டும். அதன்பின் வரும் எண் 8250 எனில் எட்டாம் தலைமுறை. 12400 எனில் பன்னிரண்டாம் தலைமுறை. பழைய ஐ5-ஐ விடப் புதிய ஐ3 விரைந்து இயங்குவது உண்டு. புதுப்பித்து விற்கப்படும் பழைய கணினிகளை வாங்குவோர், அது விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்பதைக் கண்ணாற்கண்ட பின்னரே பணம் தருக.

மூன்றாவது சேமிப்பகம். சுழலும் வன்தட்டைவிட எஸ்.எஸ்.டி. பன்மடங்கு விரைவானது, கணினி திறக்கக் காத்திருக்கும் துன்பம் அதனால் நீங்கும். ஆயினும் எஸ்.எஸ்.டி.யும் ஒருநாள் பழுதாகக் கூடியதே. ஆதலின் தனியே ஒரு வெளித்தட்டில் பிரதி எடுத்து வைத்தல் இன்றியமையாதது. பெரியவர் இதைச் சொன்னபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

நினைவகம் 8 ஜி.பி. இருந்தால் வீட்டு வேலைக்கும் பள்ளிப் பாடத்திற்கும் போதும். 16 இருந்தால் நீண்டநாள் தாங்கும். செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டமையால், 2025-இன் இறுதியில் அவற்றின் விலை உலகெங்கும் ஏறிக்கொண்டிருந்தது. ஆகவே இப்போது 8 ஜி.பி. மட்டும் பொருத்தி, மற்றோர் இடத்தை வெறுமையாக விட்டுவைக்குமாறு பெரியவர் யோசனை கூறினார். விலை இறங்கும்போது கூட்டிக்கொள்ளலாம். தன் கடையின் விற்பனையைத் தானே குறைத்துக்கொண்ட அந்த மனிதரிடம் எங்களுக்கு மதிப்பு உண்டாயிற்று.

எழுத்துவேலைக்கு விலை கொடுத்து மென்பொருள் வாங்கவேண்டும் என்பதும் இல்லை. லிப்ரே ஆபீஸ் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழையும் நன்கு ஏற்கிறது.

எஞ்சியது தந்தையாரின் தேவை. அதற்குப் பெரியவரிடம் விடை இல்லை. மகள்தான் தன் கைபேசியில் தேடிக் கண்டாள். 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை புதிய விண்டோஸிலேயே அமைந்துள்ளது. அதில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் அமையும். இளையோர் கற்க அதுவே எளிது. ஆனால் தாத்தாவின் விரல்கள் அறுபதாண்டுக்கு முன் பழகியது பழைய தட்டச்சு முறை. ஒற்றைக்கொம்பை முதலில் அடித்துப் பிறகே எழுத்தை அடிக்கும் பழக்கம். என்.எச்.எம். ரைட்டர் என்னும் இலவச மென்பொருளில் அந்தப் பழைய முறையும் உண்டு. வீட்டிலேயே மூத்தவரின் தேவைக்கு ஒரு காசும் செலவில்லை. தாளில் எழுதியிராவிட்டால் அதை நாங்கள் தேடியிருக்கவே மாட்டோம்.

மகள் சிறிது நேரம் நின்றாள். "அப்பா, மேசைக்கணினியே இருக்கட்டும். 24 அங்குலத் திரை வாங்கினால் தாத்தாவுக்கு நன்றாகத் தெரியும். கல்லூரிக்குப் போகும்போது எனக்கு மடிக்கணினி வாங்கிக் கொடுத்தால் போதும்" என்றாள். முழு மனத்தோடு சொன்னாளா என்று அறியோம், ஆயினும் சொன்னாள். அவ்வாக்கு எங்கள்மீது கடனாக நிற்கிறது.

கணினி, 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரை, யு.பி.எஸ்., வெளித்தட்டு ஆகிய யாவும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உட்பட எங்கள் தொகைக்குள் அடங்கின. இம்முறை ரசீது கேட்டுப் பெற்றோம். ஒவ்வோர் உறுப்பின் தொடர் எண்ணும் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று சரிபார்த்தோம். உத்தரவாதக் காலத்தையும் குறித்து வாங்கினோம். கும்பகோணப் பயணம் ஓராண்டு தள்ளிப்போயிற்று.

அன்றிரவே மகள் யாவற்றையும் பொருத்தி, தாத்தாவை நாற்காலியில் அமர்த்தினாள். அவர் விசைப்பலகைமீது விரல்களை வைத்தபடி சற்று நேரம் வாளா இருந்தார். பின்பு அடிக்கலானார். தவறின்றி எழுந்தன எழுத்துகள். நவராத்திரியின் ஒன்பது நாள்களுக்கும் அன்னையார் எந்தெந்த நாளில் எந்தெந்தப் பாட்டைப் பாடுவார் என்ற பட்டியல் அது. பாட்டின் சொற்களும் அவருக்கு மனப்பாடமாயிருந்தன. குரல் போயிற்று, சொற்கள் அவரிடம் இருந்தன. ஒன்பது ஆண்டுகளாக அவற்றை இறக்கிவைக்க ஓர் இடம் தேடியிருந்தார் போலும்.

இப்போது வெள்ளிதோறும் மகள் அந்தப் பக்கங்களை வெளித்தட்டில் பிரதி எடுத்து, அலமாரியில் பூட்டி வைக்கிறாள்.

மும்பையில் வாழ்வோர்க்கு லேமிங்டன் சாலையும், பெங்களூரில் வாழ்வோர்க்கு எஸ்.பி. சாலையும், கொல்கத்தாவில் வாழ்வோர்க்குச் சாந்தனி அங்காடியும், சென்னை செல்வோர்க்கு ரிச்சி தெருவும் உள்ளன. எங்குச் செல்லினும், அன்பர்களே, முதலில் வீட்டில் ஒரு தாளை எடுங்கள். வீட்டிலுள்ளோர் பெயர்களை வரிசையாக எழுதுங்கள். பேசாமல் இருப்பவரிடம் இருமுறை கேளுங்கள். அதன் பிறகு அங்காடிக்குச் செல்லுங்கள்.