மூக்கு உடைந்த கதை

எங்கள் திருவொற்றியூரில் எது கெட்டுப் போனாலும் பழி போடத் தயாராக இரண்டு பேர் உண்டு. ஒருவர் உப்புக் காற்று. இன்னொருவர் துறைமுகம் போகும் கண்டெய்னர் லாரி. ஜன்னல் கம்பி துருப்பிடித்தால் முன்னவர். சுவரில் கீறல் விட்டால் பின்னவர். இரண்டு பேருமே வந்து மறுப்பு சொல்ல மாட்டார்கள் என்பது இதில் ஒரு சௌகரியம்.

போன நவம்பர் 18-ம் தேதி ராத்திரி என் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டபோது, இந்த இருவரையும் விட்டுவிட்டு என் அப்பா தலையில் பழியைப் போட்டேன். வந்தது வினை!

பத்திரிகைக்கு எழுதி வருகிற பணம் காபித்தூளுக்குச் சரியாகப் போய்விடும். பி.காம். படித்த பாவத்துக்கு, ராயபுரத்தில் வலைக் கடை இரண்டு, எங்கள் பேட்டையில் லேத் பட்டறை ஒன்று என்று கணக்குப் பார்க்கிறேன். மாதாமாதம் 20-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட வேண்டும். தவறினால் நாளுக்கு 50 ரூபாய் அபராதம். அதைவிட, "உன்னை நம்பிக் குடுத்தேனே" என்று பட்டறைக்காரர் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்கு வட்டி தனி. மூன்று பேர் கணக்கும் அந்தப் பெட்டிக்குள்தான்.

பெட்டி உயிரோடுதான் இருந்தது. ஆன் செய்தால் வரும். ஐந்து நிமிஷம் நத்தை மாதிரி ஊரும். பிறகு பட்டென்று அணையும். உள்ளே ஃபேன் மட்டும் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. சில ஆபீஸ்களில் பார்த்திருப்பீர்களே... மேஜைக்கு மேஜை பறந்துகொண்டே இருப்பார், வேலை மட்டும் நடக்காது. அந்த ரகம்!

தெருமுனை மெக்கானிக் தம்பி வந்து மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தான்.

"மூக்கு உடைஞ்சிருக்கு சார்."

"யாருக்கு?"

"பிராக்கெட்டுக்கு."

பிராசஸர் சூடாகாமல் இருக்க, அதன் தலையில் ஓர் அலுமினியக் கட்டியும் அதற்கு மேல் ஃபேனும் வைத்திருக்கிறார்கள். இதற்குக் கூலர் என்று பெயர். இது இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருக்க, போர்டில் திருகிய ஒரு பிளாஸ்டிக் பிராக்கெட். அதன் மூக்கில் கூலரின் இரும்புக் கொக்கியை மாட்டி நெம்புகோலை அழுத்த வேண்டும். பெட்டியை நிமிர்த்தி வைப்பதால் உள்ளே போர்டும் செங்குத்தாக நிற்கிறது. சுவரில் அடித்த ஆணியில் குடம் தொங்குவது மாதிரி, கூலர் வருஷக்கணக்கில் அந்த மூக்கில் தொங்குகிறது. கீழே சூடு, மேலே ஸ்பிரிங்கின் இழுப்பு. ஒருநாள் மூக்கு போனால் கூலர் ஒரு பக்கம் சாய்கிறது. கட்டிக்கும் பிராசஸருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழுந்தாலே போதும். சூடு தாங்காமல் பிராசஸர் முதலில் வேகத்தைக் குறைக்கும். அப்புறம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். புத்திசாலி!

"பழைய போர்டு சார். இதுக்குத் தனியா பிராக்கெட் எவன் விக்கிறான்? போர்டு, பிராசஸர், ராம் எல்லாம் மாத்திடுங்க. இருபதாயிரத்துல முடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

சுண்டுவிரல் நகம் அளவு பிளாஸ்டிக்குக்கு இருபதாயிரம்! அந்தக் கடுப்பில்தான் நாக்கு நீண்டது. ஆயுத பூஜையன்று அப்பா அந்தப் பெட்டியைத் திறந்து, தூசி துடைத்து, பொட்டு வைத்திருந்தார்.

"எல்லாம் உங்க வேலைதாம்ப்பா. தெரியாததுல எதுக்குக் கை வைக்கிறீங்க?"

அப்பா எண்ணூர் நெடுஞ்சாலைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பதில் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வந்தார்.

மறுநாள் தேரடியில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தேன். நாலாவது கடையிலேயே, "ஏ.எம்.டி. பிராக்கெட்தானே?" என்று எடுத்துப் போட்டார்கள். வெற்றி வீரனாக வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தால்... திருகுத் துளை பொருந்தவில்லை!

அப்பா எட்டிப் பார்த்தார். "அளவு எடுத்துட்டுப் போனியா?"

"இல்லப்பா. பார்க்க ஒரே மாதிரிதான் இருந்துது."

பரண் மேலிருந்த டிரங்குப் பெட்டியிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்து வந்தார். பழைய துண்டில் துளைக்குத் துளை 48 மில்லிமீட்டர். புதியதில் 54. போர்டில் ஒரு துண்டுக்கும் மறு துண்டுக்கும் நடுவே 96. புதிய கணக்கில் அது 90. 2016-ல் ஏ.எம்.டி. புது சாக்கெட்டுக்கு மாறியபோது துளைகளை நகர்த்திவிட்டார்கள். மூக்கை மட்டும் பழையபடியே வைத்தார்கள். அதனால்தான் பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். 48, 96 என்று ஒரு சீட்டில் எழுதி அப்பா என் பையில் வைத்தார்.

20-ம் தேதி, அதே தெருவில் பழைய போர்டுகளைக் குவித்து வைத்திருந்த கடையில் சீட்டை நீட்டினேன். செத்துப்போன ஒரு போர்டிலிருந்து பிராக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தார் கடைக்காரர். நூறு ரூபாய் கொடுத்தேன், மீதி வந்தது.

பொருத்தியது அப்பாதான். பழைய கூலரைப் பிடுங்காமல், மெல்ல அப்படியும் இப்படியும் திருப்பித் திருப்பி எடுத்தார். நடுவிலுள்ள பேஸ்ட் காய்ந்திருந்தால் பிராசஸரும் கூடவே வந்துவிடும். அடியிலுள்ள தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிக் கால்கள் வளைந்தால் கதை முடிந்தது. புதுப் பேஸ்ட் வைத்தார். திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார்.

பிறகு, உடைந்த மூக்கை என் உள்ளங்கையில் வைத்தார்.

"உடைஞ்ச இடத்தைப் பாரு. பாதி கறுப்பா, தூசி படிஞ்சிருக்கு. ஓரத்துல மட்டும் புதுசா வெள்ளையா இருக்கு. கறுப்பு பழைய வெடிப்பு. ரொம்ப நாள் முன்னாடியே விட்டிருக்கு. மிச்சம்தான் இப்ப போயிருக்கு."

அவ்வளவுதான் சொன்னார். "நான் உடைக்கலை" என்று சொல்லவில்லை.

எனக்குக் காதில் ஒரு சத்தம் கேட்டது. முந்தின வருஷம் கோடையில் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு நானே கூலரைக் கழற்றி மாட்டினேன். கொக்கி சரியாக விழாமலேயே நெம்புகோலை அழுத்த, 'டிக்' என்றது. கம்ப்யூட்டர் ஓடியது. யாரிடமும் சொல்லவில்லை.

ராத்திரி பத்தே முக்காலுக்கு மூன்றாவது ரிட்டர்னும் போய்ச் சேர்ந்தது. அப்பா படுக்கப் போகும் முன் அருகில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பா, அது நான் உடைச்சதுதான். போன வருஷம். உங்களைப் போய்ச் சொல்லிட்டேன்..."

அப்பா போர்வையை இழுத்துக்கொண்டார்.

"தெரியும்டா. யாராவது கேட்டா உப்புக் காத்துன்னு சொல்லிக்கலாம், படு."