பாகு இறக்கும் நேரத்து மணம்

அண்ணன் மகளுக்குப் பட்டர்ஸ்காட்ச் குக்கி சுட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எங்கள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவில் எசென்ஸ் கிடைக்கவில்லை. குறிப்பில் கேட்ட பழுப்புச் சர்க்கரையும் இல்லை. அடுக்களையில் மறையூர் வெல்லம் ஓர் உருண்டை இருந்தது. அதைச் சீவி, வெண்ணெயோடு உருக்கி மாவில் ஊற்றினேன். ஓவனிலிருந்து தட்டை வெளியே இழுத்ததும் வாசலில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை உள்ளே ஓடி வந்தாள். "அத்தை, பட்டர்ஸ்காட்ச் வாசம்!"

நான் அதைச் சேர்க்கவே இல்லை. பிறகு அந்த மணம் எங்கிருந்து வந்தது? அன்று பிடித்த கேள்வி என்னைப் பல மாதம் விடவில்லை.

அம்மாவின் கேள்வி வேறு. ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, சூடா இருக்கறப்பவே நமுத்துப் போச்சு?" என்றாள். பிஸ்கட் என்றால் நமக்கு மொறுமொறுப்பு. அந்தச் சொல்லுக்கே இரண்டு முறை சுட்டது என்றுதான் பொருள். கேரளத்தில் அதற்குப் பழைய வேர் உண்டு. மம்பள்ளி பாபு பர்மாவில் தொழில் கற்று வந்து தலச்சேரியில் ராயல் பிஸ்கட் ஃபேக்டரியைத் தொடங்கியது 1880ல். குக்கியின் இலக்கணம் வேறு. ஓரம் லேசாக முறுகி, நடு மெத்தென்றிருந்து, பெட்டிக்கடைக் கமர்கட்டைப் போலக் கொஞ்ச நேரம் பல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கமர்கட்டும் வெல்லப் பாகுதானே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நம்மில் பலருக்குப் பட்டர்ஸ்காட்ச் என்றால் மஞ்சள் ஐஸ்கிரீம், அதில் கடிபடும் முந்திரி நொறுக்கு. நிறம் புட்டியிலிருந்து வருகிறது. மணமும் பெரும்பாலும் அப்படித்தான். வெண்ணெய் வாசத்துக்கு டைஅசிட்டைல், இனிப்பு வாசத்துக்கு வெனிலின். இவற்றை மோந்து வளர்ந்த மூக்கு, உண்மைப் பொருளைச் சந்திக்கும்போதும் புட்டியின் பெயரையே சொல்கிறது.

உண்மைப் பொருளின் ஊர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள டான்காஸ்டர். 1817ல் சாமுவேல் பார்க்கின்சன் அங்கே தொடங்கிய மிட்டாய்க் கடை பட்டர்ஸ்காட்சால் பெயர் பெற்றது. 1851ல் விக்டோரியா மகாராணி அந்த ஊருக்கு வந்தபோது ஒரு டப்பா பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள். பெயரில் உள்ள 'ஸ்காட்ச்' ஸ்காட்லாந்தைக் குறிப்பதாகச் சிலர் சொல்வார்கள். பாகு இறுகும் முன் கத்தியால் கீறித் துண்டு போடுவதைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் அது என்பார்கள் வேறு சிலர். கடலை மிட்டாய்ப் பாகைத் தட்டில் பரப்பிக் கோடு கிழித்துப் பழகிய என் கைக்கு இரண்டாவது விளக்கமே பொருந்துகிறது.

ஆனால் என்னை நிறுத்தியது லிவர்பூல் மெர்குரி என்ற செய்தித்தாளில் 1848ல் வந்த செய்முறைதான். ஒரு பவுண்டு வெண்ணெய், ஒரு பவுண்டு சர்க்கரை, அவற்றோடு கால் பவுண்டு ட்ரீக்கிள். சேர்த்துக் காய்ச்ச வேண்டும், அவ்வளவுதான். ட்ரீக்கிள் என்பது சர்க்கரையைச் சுத்திகரிக்கும்போது ஒதுங்கும் கறுத்த பாகு. ஆலை அதைச் சுழற்றிப் பிரித்தெடுத்த பிறகே சர்க்கரை வெள்ளையாகிறது. கடையில் விற்கும் பழுப்புச் சர்க்கரையில் பெரும்பகுதி, பிரித்த பாகை வெள்ளைச் சர்க்கரையில் மறுபடி கலந்தது. எடுத்து, வெளுத்து, திரும்பப் பூசியது! எங்கள் வீட்டு உருண்டையிலிருந்து அந்தப் பாகை யாரும் பிரிக்கவே இல்லை. அந்தக் கால் பவுண்டு அதற்குள்ளேயே இருந்திருக்கிறது.

அதன் பிறகு மறையூர் போகாமல் இருக்க முடியவில்லை. கேரளத்தின் பாலக்காட்டிலிருந்து கேரளத்தின் இடுக்கிக்கு எங்கள் வழி தமிழ்நாடுதான். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை தாண்டி, சின்னாறு சோதனைச்சாவடியில் மறுபடி கேரளம். மலைக்கு அந்தப் பக்கம் கொட்டும் மழை மறையூருக்கு அவ்வளவாக வருவதில்லை. பாம்பாறு கிழக்கே ஓடி அமராவதியில் சேர்கிறது. மறையூர், காந்தல்லூர் எல்லாம் சேர்ந்த அஞ்சுநாடு இது. இங்கே தமிழ் காலங்காலமாக வீட்டு மொழி. ஆண்டு முழுக்கக் கரும்பு வெட்டுகிறார்கள், ஆண்டு முழுக்க ஆலை ஓடுகிறது.

நான் போன ஆலை நான்கு புறமும் திறந்த ஒரு கொட்டகை. எந்திரம் கரும்பைப் பிழிய, முன்பே பிழிந்து காயப்போட்ட சக்கையை ஒருவர் அள்ளி அடுப்புக்குள் தள்ளினார். கொப்பரையில் சாறு கொதித்தது. சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியதும் அழுக்கு திரண்டு நுரையாக மேலே வந்தது. வழித்து வழித்துப் போட்டார்கள். பச்சை மங்கி, பொன்னாகி, செம்பழுப்பாக இறங்கியது நிறம். நூறு கிலோ கரும்புக்குப் பத்துக் கிலோ வெல்லம் கண்டால் நல்ல கரும்பு என்றார் பாகு பார்க்கும் பெரியவர். "ஏம்மா, தண்ணி வத்துறதுக்குத்தான் இத்தனை விறகு, இத்தனை நேரம். வெல்லம் ஆவுறது கடைசிப் பத்து நிமிசத்துல." அந்தப் பத்து நிமிடத்தில் கொட்டகை முழுக்கப் பரவியது, குழந்தை எங்கள் அடுக்களையில் கண்டுபிடித்த அதே மணம். சாற்றில் உள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் கொடுக்கும் வேளை அது. பாகை மரத் தொட்டியில் கொட்டிக் கிளறி, ஆறும் முன்னே கையால் உருட்டினார்கள். விரல் தடம் பதிந்த அந்த உருண்டைதான் மறையூரின் அடையாளம். வேறிடத்து மலிவு வெல்லம் இதே பெயரில் விற்கப்பட்டதால் இவர்கள் பட்ட நட்டம் பெரிது. புவிசார் குறியீடு 2019ல்தான் கிடைத்தது.

வெல்லத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ஜாகரியும் இந்தக் கரையிலிருந்து போனதுதான். மலையாளச் சக்கரை போர்ச்சுகீசியர் வாயில் ஜாகராவாகி, அங்கிருந்து ஜாகரி ஆனது. எங்கள் பாலக்காட்டுப் பக்கம் சக்கரை என்றால் பனையிலிருந்து வருவது. கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்குவார்கள், அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. அதைப் போட்டும் ஒரு தட்டு சுட்டுப் பார்த்தேன். புகைவாசம் தூக்கலாக இருந்தது. பிடித்துத்தான் இருந்தது, ஆனால் அது பட்டர்ஸ்காட்ச் இல்லை.

அம்மா நமுத்தது என்று சொன்ன மென்மைக்கும் மறையூரிலேயே விடை கிடைத்தது. மழைக்காலத்தில் வெல்லம் கசிந்து பிசுபிசுப்பது ஏன்? அதில் உள்ள குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். குக்கிக்குள்ளும் அவை அதே வேலையைச் செய்கின்றன. வெள்ளைச் சர்க்கரை போட்டுச் சுட்டது ஆறியதும் முறுகிப்போனது. வெல்லம் போட்டது மூன்றாம் நாளும் வளைந்தது.

இப்போது என் அளவு இது. 120 கிராம் வெண்ணெயை, அடியில் பழுப்புப் பொடி படிந்து நெய் மணம் வரும்வரை காய்ச்சுவேன். 150 கிராம் வெல்லத்தை இரண்டு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி அதில் சேர்த்து ஆறவிடுவேன். ஒரு முட்டை, 180 கிராம் மைதா, அரை ஸ்பூன் சமையல் சோடா, உப்பு. ஒரு கை முந்திரியைத் தனியாக வெல்லப் பாகில் புரட்டி நொறுக்கிக்கொள்வேன். பாகைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டினால் டங்கென்று கேட்க வேண்டும். மாவை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தட்டு முழுக்கப் பரவிவிடும். 170 டிகிரியில் பதினோரு நிமிடம். நடு வேகாதது போலத் தெரியும்போதே எடுத்துவிட வேண்டும். மீதியைத் தட்டின் சூடு பார்த்துக்கொள்ளும்.

அடுத்த முறை மறையூர் போனபோது ஒரு டப்பா நிறையக் கொண்டுபோனேன். பெரியவர் கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தார். வாயில் வைக்கவில்லை. முதலில் மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். "பாகு இறக்குற நேரத்து மணம்" என்றார். கொப்பரையில் பாகு பொங்கவே, பாதிக் குக்கியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு துடுப்பை எடுத்தார்.