மெருகின் விலை

திருவெளிப்பாடு நூலின் 21-ஆம் அதிகாரம் புதிய யெருசலேமின் முதல் அடித்தளத்தை யஸ்பிக் கல்லால் அணிசெய்கிறது. முற்காலத்தார் ஒளி ஊடுருவும் கற்கள் சிலவற்றையும் அப்பெயரால் அழைத்தனர். இன்று ஜாஸ்பர் என விற்கப்படுவதோ ஒளி புகாத கல். குவார்ட்சு இனத்தைச் சேர்ந்தது. தூய குவார்ட்சுக்கு நிறமில்லை. உட்கலந்த இரும்பு முதலிய அயற்பொருள்களே இதற்குச் செம்மையையும் மஞ்சளையும் ஈந்தன. மாசே இங்கு அழகாயிற்று!

எஃகுக் கத்தியாலும் கீற இயலாத கடினம் இதற்குண்டு. ஆதலின் அறுத்து, தேய்த்து, நுண்பொடியால் மெருகிட்டாலன்றி மோதிரத்துக்கு உதவாது.

இத்தகு கற்களை மணிகளாக்குவதில் குஜராத்தின் கம்பாத் நகர் நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. அங்கே பல வீடுகளில் சாணை சுழல்கிறது. தேய்க்கையில் எழும் சிலிக்காத் துகள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நோயைத் தருகிறது. அதனைக் குணப்படுத்தும் மருந்தில்லை. காசநோயும் எளிதில் பற்றுகிறது. அதே கூரையின்கீழ் வாழும் மனைவி மக்களும் அத்தூசியையே சுவாசிக்கின்றனர். நீர் விட்டுத் தேய்த்தலும், தூசியை உறிஞ்சும் கருவியும் தீங்கைப் பெரிதும் குறைக்கும். ஆனால் இவற்றுக்குச் செலவுண்டு. மலிவையே நாடும் சந்தை அதனை ஏற்கத் தயங்குகிறது.

நகை செய்வோரும் கல் சேகரிப்போரும் வாங்குமுன் நிறத்தையும் வரிகளையும் கூர்ந்து நோக்குகின்றனர். இதனைத் தேய்த்தவர் எவ்வாறு தேய்த்தார் என்றும் அவர்கள் வினவ வேண்டுமென்பதே நம் வேண்டுகோள். வினவுவோர் பெருகின், விற்போரும் விடை தேடுவர். அதனால் விலை சற்று மிகுமாயின் மனமுவந்து கொடுப்போம். ஒரு குடும்பத்தின் மூச்சு அதில் அடங்கியிருக்கிறது.