சாமைச் சோறும் அம்மாவின் கையும்



போன வாரம் சென்னையிலிருந்து என் அக்கா மகள் போன் செய்தாள். சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறதாம், டாக்டர் சிறுதானியம் சாப்பிடச் சொன்னாராம். "சித்தி, சாமை அரிசி என்ன விலை விக்குது தெரியுமா? நீங்க கொல்லிமலையில இருந்தப்ப அங்க எல்லாரும் தினமும் இதைத்தானே சாப்பிட்டாங்க? கொடுத்து வச்சவங்க!" என்றாள். நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் அவளுக்கு ஆபீஸ் மீட்டிங் வந்துவிட்டது. பாதியில் நின்ற பதிலை இங்கே எழுதுகிறேன். பதிவு நீளமாகத்தான் இருக்கும். மணி அடித்த பிறகும் என் பாடம் முடியாது என்பது உங்களுக்குத் தெரியாததா?

1993-இல் கொல்லிமலைக்கு மாறுதல் கிடைத்தது. அப்போது நாமக்கல் தனி மாவட்டம் ஆகவில்லை, நாங்கள் சேலம் மாவட்டம்தான். காரவள்ளியில் ஏற ஆரம்பித்தால் 70 கொண்டை ஊசி வளைவு. முதல் ஒரு மாதம் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டேதான் ஏறினேன். ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து நானும் தலைமையாசிரியரும் மட்டும். தினமும் ஏறி இறங்க முடியாது என்பதால் ஊருக்குள்ளேயே ஒரு அறை எடுத்துத் தங்கினேன். வள்ளல் ஓரி ஆண்ட மலை என்று ஆசிரியர் பயிற்சியில் படித்திருந்தேன். அந்த மலையில் காலையில் எனக்கு முதலில் கேட்கும் சத்தம் உலக்கைச் சத்தம்.

இருட்டோடு எழுந்து பெண்கள் சாமை குத்துவார்கள். இதைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கேழ்வரகுக்கு உமி கிடையாது, அப்படியே அரைத்துக் களி கிண்டலாம். சாமை, தினை, பனிவரகு எல்லாம் அப்படியில்லை. கெட்டியான உமிக்குள்ளே கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு மணி இருக்கும். வெயிலில் காயப்போட்டு, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து, கல் அரித்து, அப்புறம்தான் அடுப்பில் உலை. ஒரு குடும்பத்தின் ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து முடிந்து நான் பார்த்ததில்லை. அதை முடித்துவிட்டுத்தான் ஊற்றுத் தண்ணீருக்குப் போவார்கள், விறகுக்குப் போவார்கள், காட்டு வேலைக்குப் போவார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஒருமுறை உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ரேகை தெரியவில்லை, காய்ப்புதான் தெரிந்தது.

நான் போன காலத்திலேயே அந்தச் சத்தம் குறைய ஆரம்பித்திருந்தது. காரணம் இரண்டு. ஒன்று, ரேஷன் அரிசி. வாங்கி வந்து கழுவிப் போட்டால் சோறு. இன்னொன்று, மரவள்ளி. சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். லாரி மேலேயே வந்து கிழங்கை ஏற்றிக்கொண்டு போகும், கையில் மொத்தமாகக் காசு வரும். சாமை விளைந்த சரிவுகளெல்லாம் ஒவ்வொன்றாக மரவள்ளியானது. இதை யாரும் குறை சொல்ல முடியாது. பிள்ளைக்கு பீஸ் கட்ட, கல்யாணம் பண்ண, ஆஸ்பத்திரிக்குப் போக அந்தக் காசுதான் உதவியது. உங்களில் சிலரை காலேஜுக்கு அனுப்பியதும் அந்தக் கிழங்குதான்.

ஆனால் சாமைக் காடு போனபோது சாமை மட்டும் போகவில்லை. அந்தக் காட்டுக்குள்ளேயே ஊடுபயிராக அவரை நிற்கும், துவரை நிற்கும், கடுகு நிற்கும், தானாக முளைத்த கீரையும் இருக்கும். குழம்புக்கு வேண்டியதும் அங்கேயே கிடைத்தது. கிழங்குக் காட்டில் கிழங்கு மட்டும்தான். அவரைக்காயும் துவரையும் இனிமேல் சோளக்காட்டுச் சந்தையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். காசு இருந்தால் வாங்குவார்கள். இல்லாவிட்டால் வெறும் ரசம், இல்லை மிளகாயும் உப்பும். வயிறு நிறைந்துவிடும். அதனால் வீட்டில் எதுவோ குறைகிறது என்றே யாருக்கும் தோன்றாது. வகுப்பில் எனக்குத்தான் தெரியும். வாயோரம் வெடித்த பிள்ளைகள், முதல் பீரியடிலேயே தூங்கி விழும் பிள்ளைகள், நகம் வெளுத்த பெண் பிள்ளைகள்.

நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புக்கு உணவைப் பற்றிய பாடம் உண்டு. மாவுச்சத்து, புரதம், தாது உப்பு என்று அட்டவணை போட்டு நடத்துவோம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அதே அளவு பாலில் அதில் பாதிகூட இல்லை என்று சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். ஒரு நாள் சாமை, தினையின் பெருமையைச் சொல்லிவிட்டு, "வீட்டில் அம்மாவிடம் சாமைச் சோறு ஆக்கச் சொல்லுங்கள்" என்றேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண், பின் வரிசை, அதிகம் பேசாதவள், எழுந்து நின்றாள். "டீச்சர், சாமை நல்லதுதான். ஆனா அம்மாவுக்குக் கை நோவுது" என்றாள்.

உட்காரச் சொன்னேன். வேறென்ன சொல்வது? எந்தப் பாடப் புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை.

பதில் வேறு இடத்திலிருந்து வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1987-இல் அவருக்கு முதல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தை வைத்து 1988-இல் சென்னையில் தொடங்கிய அறக்கட்டளை. நாடு முழுவதும் நெல்லையும் கோதுமையையும் பெருக்கிய பசுமைப் புரட்சியின் தந்தை என்று உங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அவர் பெயரில் உள்ள நிறுவனம் சாமையைத் தேடிக்கொண்டு மலையேறி வந்தது எனக்கு முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. 2023 செப்டம்பரில் அவர் மறைந்தபோது பத்திரிகைகள் பசுமைப் புரட்சியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின. கொல்லிமலையைப் பற்றியும் நாலு வரி இருக்குமா என்று தேடிப் பார்த்தேன். நான் வாங்கிய பத்திரிகையில் இல்லை.

90-களில் அவர்கள் ஆட்கள் வந்து ஊர் ஊராக உட்கார்ந்து விதை கேட்டார்கள். கட்டவெட்டிச்சாமை, பெருஞ்சாமை, மல்லியச்சாமை என்று சாமையிலேயே அத்தனை வகை. எது சீக்கிரம் விளையும், எது மழை பொய்த்தாலும் தாங்கும், எது சோற்றுக்கு ருசி என்பதெல்லாம் வயதான பெண்களின் தலைக்குள்தான் இருந்தது. அவர்களிடம் கேட்டு எழுதினார்கள், ஊரிலேயே விதை வங்கி வைத்தார்கள். இதெல்லாம் நல்ல வேலைதான். ஆனால் விதையைப் பானைக்குள் பத்திரப்படுத்தி என்ன பயன்? விதைக்க வேண்டும். விதைப்பதற்கு, தின்ன ஆள் வேண்டும். தின்பதற்கு, குத்த ஆள் வேண்டும். சுற்றிச் சுற்றி அந்த உலக்கையில்தான் வந்து நிற்கும்.

அவர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதை வந்தது அதனால்தான். சாமைக்கு உமி நீக்கும் சின்ன மில்லைச் சில ஊர்களில் அமைத்து, நடத்தும் பொறுப்பை மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் கொடுத்தார்கள். கீழே இருந்த நெல் மில்லில் சாமையைப் போட்டால் பொடி மணியெல்லாம் உமியோடு பறந்துவிடும். அதனால் இதற்கென்றே தனி இயந்திரம் வேண்டியிருந்தது. எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. மலையில் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தாலும் வோல்டேஜ் இருக்காது. பாதி மணி குருணையாகப் போகும். "குருணை கோழிக்கு, உமி மாட்டுக்கு, எனக்கு என்ன?" என்று ஒரு பாட்டி மில் வாசலில் நின்று சண்டை போட்டதை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் மெல்ல மெல்லப் பழகியது. ஒரு நாள் முழுக்கக் குத்தினாலும் முடியாத மூட்டையைக் கொஞ்ச நேரத்தில் அரைத்துத் தலையில் வைத்துக்கொண்டு போனார்கள். அரவைக் கூலி குழுவின் கணக்கில் சேர்ந்தது. கணக்கு நோட்டு எழுதியது என்னிடம் படித்த பெண். கூட்டல் கணக்கில் நான் பிழை கண்டுபிடிக்க எவ்வளவோ முயன்றும் முடியவில்லை!

மில் வாசலில் வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் நடந்த பேச்சு, என் கரும்பலகை அட்டவணையை விடப் பெரிய பாடம். யார் வீட்டுப் பிள்ளைக்கு எடை கூடவில்லை, பிரசவமானவளுக்கு என்ன கஞ்சி கொடுக்கலாம், கொல்லையில் முருங்கையும் பப்பாளியும் வைத்தால் என்ன என்று பேசுவார்கள். பேசுகிறவரும் கேட்கிறவரும் ஒரே ஊர்க்காரர், ஒரே சமையல் தெரிந்தவர்கள். வெளியூரிலிருந்து வந்த நானும் கற்றுக்கொண்டேன். சாமையை வெள்ளை வெளேரென்று தீட்டக் கூடாது, உமி மட்டும் போனால் போதும், தவிடு ஒட்டியிருக்க வேண்டும், நார்ச்சத்தும் தாது உப்பும் அதில்தான் இருக்கிறது என்பதை எனக்குச் சொன்னவர் மில் ஓட்டிய அம்மா. இப்போது டவுன் கடைகளில் பாக்கெட்டில் விற்கும் சாமையைப் பாருங்கள், பொன்னி அரிசி மாதிரி பளபளவென்று இருக்கும். அப்படித் தீட்டியதைச் சாப்பிட்டுவிட்டு, சிறுதானியம் சாப்பிட்டும் சர்க்கரை குறையவில்லை என்று டாக்டரிடம் சண்டை போடக் கூடாது.

நிறுவனமும் குழுக்களும் அத்தோடு நிற்கவில்லை. சுத்தம் செய்த சாமை, தினை, ராகி மாவு என்று பாக்கெட் போட்டுக் கீழே விற்கவும் வழி செய்தார்கள். 2018-இல் மத்திய அரசு இவற்றைச் சத்துமிகு தானியங்கள் என்று அறிவித்தது. 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்றது. கல்யாணப் பந்தியில் தினைப் பாயசம், ஓட்டலில் சாமைத் தோசை. சந்தோஷம்தான்.

ஆனாலும் மனதில் ஒரு முள் இருக்கிறது. விலை கூடக் கூட, விளைந்த சாமையை விற்றுவிட்டு ரேஷன் அரிசியைச் சாப்பிடுவதுதான் வீட்டுக்கு லாபம் என்ற கணக்கு வருகிறது. 2011-லிருந்து ரேஷன் அரிசி இலவசம். அந்த அரிசி இல்லாவிட்டால் எத்தனை வீட்டில் அடுப்பு எரியாது என்பதை நேரில் பார்த்தவள் நான், அதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கேழ்வரகையும் சாமையையும் ரேஷனிலேயே சேர்த்துக் கொடுக்கலாம் என்பதுதான் என் கட்சி. தருமபுரியிலும் நீலகிரியிலும் 2023-இல் ரேஷன் கடையில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். சாமை விளைகிற மலையில் அந்த மலைக்காரர்களிடமே வாங்கி அங்கேயே கொடுத்தால், நகரத்து வாடிக்கையாளருக்குப் பிடித்தால் மட்டும்தான் பிழைக்கலாம் என்ற நிலை அவர்களுக்கு இருக்காது.

இன்னொன்று, எந்த மில்லும் தீர்த்துவைக்காத விஷயம். வீட்டில் யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள்? மலையிலும் சரி, நம் வீடுகளிலும் சரி, சட்டியைத் துடைத்துச் சாப்பிடுவது அம்மாதான். முட்டை வாங்கினால் பிள்ளைக்கு, கறி எடுத்தால் வீட்டுக்காரருக்கு. பள்ளியில் வாரம் ஒரு நாள் பெண் பிள்ளைகளுக்கு நீல நிற இரும்புச் சத்து மாத்திரை கொடுப்போம். கொடுக்கும்போது, "அம்மா என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்பது என் வழக்கம். "தெரியலை டீச்சர்" என்பதுதான் பெரும்பாலும் பதில். வளர்ந்து, வேலைக்குப் போய், பேஸ்புக்கில் எனக்கு லைக் போடுகிற நீங்கள் இப்போது அதே கேள்விக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. போன பொங்கலுக்கு மலைக்குப் போயிருந்தேன். அன்றைக்கு எழுந்து நின்று கை நோவுது என்று சொன்ன பெண்ணைப் பார்த்தேன். அவளுக்கே இப்போது கல்லூரியில் படிக்கும் மகன் இருக்கிறான். கால் காணியில் சாமை போட்டிருக்கிறாள், மீதியில் மிளகும் கிழங்கும். "வீட்டுக்கு எடுத்து வெச்சது போக மிச்சந்தான் டீச்சர் விக்கிறேன்" என்றாள். எனக்கு மூன்று படி சாமை கட்டிக் கொடுத்தாள், காசு வாங்க மறுத்துவிட்டாள். தவிடு போகாத பழுப்புச் சாமை. அவள் அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கும்பிட்டேன், என் கையைப் பிடித்துக்கொண்டார். கை இன்னும் சொரசொரப்பாகத்தான் இருந்தது.

மலை மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டில், பாட்டி வீட்டில், மாமியார் வீட்டில் யாரிடமாவது இன்னும் கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை விதை இருக்கிறதா? இருந்தால் எந்த ஊர், எவ்வளவு இருக்கும் என்று கீழே எழுதுங்கள். வேண்டுகிறவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், நான் சேர்த்துவைக்கிறேன். எழுதுவதற்கு முன் அம்மாவிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். வீட்டில் என்ன விதை இருக்கிறது என்று உங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.