யார் தாங்கினார்கள் என்று கேளுங்கள்

1990களில் ஆஸ்திரேலியாவில் ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தது. 'ஆஸ்திரேலியன் பயாகிரஃபி' என்று பெயர். அரசுக்குச் சொந்தமான ஃபிலிம் ஆஸ்திரேலியா எடுத்தது, எஸ்.பி.எஸ். ஒளிபரப்பியது. நாடறிந்த முதியவர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் ராபின் ஹியூஸ் என்ற பெண்மணி கேள்வி கேட்பார். எங்கே பிறந்தீர்கள், அப்பா எப்படிப்பட்டவர், வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள் என்று தொடங்கும் பேச்சு மணிக்கணக்கில் நீளும். திரையில் வந்தது அரை மணி நேரத்துக்குள்தான். ஆனால் வெட்டாத முழுப் பேச்சும் எழுத்து வடிவில் பொதுமக்கள் படிக்கக் கிடைக்கிறது. நான் ஊன்றிப் படித்து வருவது அதைத்தான்.

இந்த நாட்டில் குடியுரிமை வாங்கும்போது ஒரு கையேடு தருவார்கள். கொடியின் நிறங்கள், நாடாளுமன்றத்தின் இரு அவைகள், வாக்களிப்பது கட்டாயம் என்பது எல்லாம் அதில் இருக்கும். நானும் படித்துத் தேறியவன்தான். தேவையான புத்தகம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்த நாட்டில் வந்து சேர்ந்திருக்கிறேன் என்பது எனக்குப் பிடிபட்டது இந்த முதியவர்களின் பேச்சிலிருந்துதான். அதிலும் ஒன்றைக் கவனித்தேன். ஆஸ்திரேலியர் என்றால் யார் என்ற கேள்விக்கு இவர்களில் பலர் எல்லோரும் சொல்லும் பதிலையே சொல்கிறார்கள். கஷ்ட காலத்தில் உங்களைத் தாங்கியது யார் என்ற இடம் வரும்போதுதான் பேச்சு மாறுகிறது. அங்கே ஒரு பெயர் வருகிறது, பெயரோடு ஓர் ஊர் வருகிறது, ஊரின் பின்னாலேயே நாடும் வந்துவிடுகிறது.

நெவில் பானரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தில் நுழைந்த முதல் பழங்குடியினர் அவர். 1922இல், நியூ சவுத் வேல்ஸின் வடகோடியில், ட்வீட் நதி கடலில் சேரும் இடத்திலுள்ள உகெரெபா தீவில் பிறந்தார். மருத்துவமனையிலோ வீட்டிலோ அல்ல, ஒரு பனையினத்து மரத்தடியில். சூரியன் மறைவதற்குள் பழங்குடியினர் ஊரெல்லையைத் தாண்டிவிட வேண்டும் என்பது அன்றைய நடைமுறை. கர்ப்பிணிக்கும் அதில் விலக்கு இல்லை. சிறுவயதிலேயே தாயை இழந்தவரைப் பாட்டி வளர்த்தார். எழுதப் படிக்கக் கற்றுக்கொள், மரியாதையாகப் பேசு, கதவுகள் திறக்கும் என்று பாட்டி சொன்னதைப் பானர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டிக்காகவே பள்ளிக்கூடம் போனார். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. வேலி போடுவது, மாடு ஓட்டுவது என்று கிடைத்த கூலிவேலையெல்லாம் செய்தார். 1971இல் குவீன்ஸ்லாந்தின் செனட்டராகக் கான்பெரா போனார்.

அதன் பிறகு பானர் சொல்லும் செய்தியைப் படித்த நாளில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. அவைக்குள் எல்லோரும் தம்மைச் சமமாகவே நடத்தினார்கள் என்கிறார் அவர். விவாதத்தில் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை, அவரும் சலுகை கேட்கவில்லை. ஆனால் அவை கலைந்த பிறகு, வா, வெளியே போய்ச் சாப்பிடலாம் என்று ஒருவர்கூட ஒரு மாலையில்கூடக் கூப்பிடவில்லை. அறையில் தனியே உட்கார்ந்திருந்துவிட்டுத் தனியே திரும்புவார். 1983 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் அப்படி. சட்டம் கொடுத்த சமத்துவத்துக்கும் மனிதர்கள் கொடுக்க மறந்ததற்கும் நடுவே இருந்த தூரத்தை எந்த ஆய்வறிக்கையும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

அதே ட்வீட் நதியில் சற்று உள்ளே போனால் டம்பல்கம் என்ற சிற்றூர். அங்கே 1918இல் பிறந்தவர் ஃபெய்த் பாண்ட்லர். ஒரே நதிக்கரை, நான்கு வருட இடைவெளி. நாட்டின் மனசாட்சியைத் தொட்ட இரண்டு பேர். பாண்ட்லர் பழங்குடியினர் அல்லர். அவருடைய தந்தை இன்றைய வனுவாட்டுவிலுள்ள அம்ப்ரிம் தீவிலிருந்து சிறுவனாகக் கடத்தப்பட்டு, குவீன்ஸ்லாந்தின் மக்காய் பகுதிக் கரும்புத் தோட்டங்களில் வேலை வாங்கப்பட்டவர். 1863க்கும் 1904க்கும் இடையே ஏறத்தாழ 62,000 தென்கடல் தீவினர் இப்படிக் கொண்டுவரப்பட்டார்கள். ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்களில் ஏராளம். ஒப்பந்தக் கூலியாக இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஃபிஜிக்கும் போன நம் மக்களின் கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தந்தை தப்பித்து வந்து குடும்பம் அமைத்தார், மாலை வேளைகளில் பிள்ளைகளிடம் தன் தீவைப் பற்றிச் சொல்வார். கேட்டு வளர்ந்த மகள் 1967 வாக்கெடுப்பின் பிரசாரத்தை முன்னின்று நடத்தினார். பழங்குடியினரையும் மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கவும், அவர்களுக்காகச் சட்டமியற்றும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்கவும் கேட்ட வாக்கெடுப்பு அது. 90.77 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். பாண்ட்லரின் கணவர் ஹான்ஸ், வியன்னாவிலிருந்து வந்த யூத அகதி. நாஜிகளின் வதைமுகாம்களைக் கண்டு மீண்டவர்.

இப்படி மனிதர்களைப் பேசவைத்துப் பதிவு செய்தவர்களில் ஹேசல் டி பெர்கைச் சொல்லாமல் போக முடியாது. 1957 முதல் 1984இல் இறக்கும்வரை, கனமான ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு நாடெங்கும் போய் எழுத்தாளர்கள், ஓவியர்கள், விஞ்ஞானிகள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பேசவைத்த பெண் அவர். கான்பெரா தேசிய நூலகத்தில் அந்த நாடாக்கள் இருக்கின்றன. தான் கேட்ட கேள்விகளை அவர் பதிவில் விட்டுவைப்பதில்லை. பேசுபவரின் குரல் மட்டுமே கேட்கும். பெரிய மனசு அது. ஆனாலும் கேள்வியும் கூடவே இருப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. கேட்டவர் எதைத் துணிந்து கேட்டார், எங்கே காத்திருந்தார் என்பதிலும் அந்தக் காலம் தெரிகிறது.

டாம் யூரனின் பேச்சில் நம் வரலாறும் குறுக்கிடுகிறது. தொழிற்கட்சித் தலைவர்களில் ஒருவர், விட்லம் அரசில் நகர்ப்புற வளர்ச்சி அமைச்சர். அதற்கெல்லாம் முன்பு குத்துச்சண்டை வீரர், போர்க்கைதி. 1942இல் தீமோரில் ஜப்பானியரிடம் பிடிபட்டு, சயாம் - பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார். ஹின்டாக் முகாமில் அவர்களுக்குத் தலைவராக இருந்தவர் அறுவை மருத்துவர் 'வியரி' டன்லப். கைதிகளான அதிகாரிகளுக்கு ஜப்பானியர் கொஞ்சம் படிப்பணம் கொடுப்பார்கள். டன்லப் அதில் பெரும்பகுதியை வாங்கிப் பொது நிதியில் போட்டு, உள்ளூர் வியாபாரிகளிடமிருந்து நோயாளிகளுக்கு உணவும் மருந்தும் வாங்கினார். திடமானவன் நோயாளியைப் பார்த்துக்கொண்டான், இளையவன் மூத்தவனைப் பார்த்துக்கொண்டான். மழைக்காலத்தில் பக்கத்தில் இன்னொரு கைதிக் கூட்டம் வந்து தங்கியது. ஏறக்குறைய நானூறு பிரிட்டிஷ் வீரர்கள் என்பது யூரனின் கணக்கு. அங்கே நல்ல கூடாரங்களை அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள், மிஞ்சியது சிப்பாய்களுக்கு. ஆறே வாரத்தில் ஐம்பது பேர்தான் நடந்து வெளியேறினார்கள் என்கிறார். இரு முகாம்களுக்கும் நடுவே இருந்தது ஒரு சிற்றோடை.

யூரன் பிறகு பேசிய அரசியல் எல்லாம் அந்த ஓடைக்கரையில் முளைத்தது. உயிரோடு திரும்பியதற்குத் தன் உடல்வலு காரணம் என்று அவர் சொல்லியிருக்கலாம், குத்துச்சண்டைக்காரருக்கு அது பொருந்தவும் செய்யும். சொல்லவில்லை. டன்லப்பைச் சொன்னார், பொது நிதியைச் சொன்னார். பின்னர் ஜப்பானுக்குக் கொண்டுபோகப்பட்டவர், பல கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஒமுட்டாவிலிருந்து நாகசாகி வானம் நிறம் மாறியதைப் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் அணு ஆயுதத்தை எதிர்த்தார். ஜப்பானிய மக்கள் மீதிருந்த வெறுப்பையும் காலப்போக்கில் இறக்கிவைத்தார்.

அந்தப் பாதையில் வேலை செய்த ஆஸ்திரேலியக் கைதிகள் ஏறத்தாழ 13,000 பேர். இறந்தவர்கள் ஏறத்தாழ 2,800. அதே பாதையில் ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் பேர் அளவுக்கு இருந்தார்கள். மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் அவர்களில் ஏராளம். இறந்த ஆசியர்களின் எண்ணிக்கை தொண்ணூறாயிரம் வரை இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு டன்லப் இல்லை, நிதி திரட்டப் படிப்பணமும் இல்லை. கைதிகள் கட்டுக்கோப்பான படைப்பிரிவுகளாகப் போனார்கள், நம்மவர்கள் குடும்பமும் கூட்டமுமாக அள்ளிக்கொண்டு போகப்பட்டார்கள். திரும்பி வந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்து அம்மா பெயர் என்ன என்று தொடங்கி மணிக்கணக்காகக் கேட்ட ராபின் ஹியூஸ்களும் மிகக் குறைவு. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற நாவல்கள் அந்த இடத்தைக் கொஞ்சம் நிரப்பின. யூரனைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆற்றாமை எழுகிறது. அவர்மீது அல்ல, கேட்கப்படாமல் போன குரல்களை எண்ணி.

லோவிச்சா ஓடோனஹியூவின் பேச்சைப் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மாவோடு சேர்ந்து பார்த்தேன். இரண்டு வயதில் தாயிடமிருந்து பிரித்து மிஷனரி இல்லத்தில் வளர்க்கப்பட்ட பழங்குடிப் பெண் லோவிச்சா. பிறந்த தேதி தெரியாததால் ஆகஸ்ட் 1 என்று எழுதிவைத்தார்கள். இந்த நாட்டில் பந்தயக் குதிரைகளுக்கெல்லாம் அதுதான் பிறந்த நாள். தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது உன் சனத்துக்குப் போய்ச் சேவை செய் என்று விரட்டினார்கள். போராடி 1954இல் ராயல் அடிலெய்ட் மருத்துவமனையில் சேர்ந்தார். 1960களின் தொடக்கத்தில் அசாமில் தாதியாக வேலை செய்தார், இந்திய - சீனப் போரை ஒட்டித் திரும்பினார். பிறகு கூபர் பீடியில், முகச்சாயலை வைத்தே உறவினர்கள் அவரை லிலியின் மகள் என்று அடையாளம் கண்டார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் தாயைப் பார்த்தார். மகள் வரப்போகிறாள் என்று கேள்விப்பட்ட நாள் முதல் அந்தத் தாய் சாலையோரத்தில் வந்து உட்கார்ந்து காத்திருந்தாராம். தாயின் மொழி மகளுக்குத் தெரியாது.

அம்மா திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டார்: "அப்ப ரெண்டு பேரும் என்னத்தைக் கதைச்சிருப்பினம், தம்பி?"

என்னிடம் பதில் இல்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் மாடியில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

லோவிச்சா பின்னர் பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் முதல் தலைவரானார், 1992இல் ஐ.நா. பொதுச் சபையில் பேசினார். 2023 அக்டோபரில், நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் பழங்குடியினர் குரலை அரசியல் சட்டத்தில் சேர்க்கலாமா என்ற வாக்கெடுப்பில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் இல்லை என்றதையும் பார்த்துவிட்டு, 2024 பிப்ரவரியில் காலமானார். 90.77இலிருந்து இந்த எண்ணுக்கு நாடு எப்படி வந்தது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இரண்டும் வேறு வேறு கேள்விகள், அரசியலும் வேறு என்று அறிவு சொல்கிறது. மனம் ஆறவில்லை.

தேசிய அடையாளத்தை ஒரே வரியில் சொல்லிவிட நினைப்பவர்களைப் பானர் கடைசிவரை தடுமாறவைத்தார். 1998 பிப்ரவரியில், நாடு குடியரசாக வேண்டுமா என்று விவாதிக்கக் கூடிய மாநாட்டில், அரசியை ஆதரிக்கும் அணியில் அவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் நிலத்தைப் பறித்தீர்கள், உங்கள் சட்டங்களை ஏற்கவைத்தீர்கள், ஏற்றுக்கொண்ட பிறகு எல்லாவற்றையும் மாற்றப் போகிறோம் என்கிறீர்களே என்பது அவர் வாதத்தின் சாரம். பேச்சை முடித்துவிட்டுத் தன் ஜகேரா மொழியில் துயரப்பாட்டு ஒன்றைப் பாடினார். மாநாடு நடந்தது பழைய நாடாளுமன்றக் கட்டடத்தில், மாலைகளில் யாரும் கூப்பிடாமல் அவர் தனித்திருந்த அதே கட்டடத்தில். நான் குடியரசை விரும்புகிறவன். இருந்தும் அந்த வாதத்துக்கு எளிதில் பதில் சொல்ல முடியாமல் பல நாள் அலைந்திருக்கிறேன்.

இப்போது சார்ல்ஸ் பெர்கின்ஸின் பேச்சில் இருக்கிறேன். 1965இல் மாணவர்களோடு பேருந்தில் கிளம்பி, பழங்குடிச் சிறுவர்களை உள்ளே விடாத மோரீ நகர நீச்சல்குளத்துக்குப் போனவர். குளத்து வாசலில் அவர் நிற்கும் இடம்வரை படித்திருக்கிறேன். யாழ்ப்பாணத்து அம்மா, உள்ளே விட்டார்களா இல்லையா என்று நேற்றும் கேட்டார்.