நக்ஃபா மலைகள்

மே 20

மேசைமேல் எரித்திரியாவின் வரைபடம். கெரெனிலிருந்து வடக்கே போகும் சாலை, அஃபாபெத் தாண்டியதும் மலைக்குள் நுழைந்து வளைந்து வளைந்து ஏறுகிறது. ஏற்றம் முடிகிற இடத்தில், சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் நக்ஃபா. கிழக்கே செங்கடலோரச் சமவெளி. வடக்கே மலைகளுக்கு அப்பால் சூடான். சாஹேல் மலைகள் என்று அந்தப் பகுதிக்குப் பெயர்.

எத்தியோப்பியாவுக்கு எதிரான விடுதலைப் போர் 1961-இல் தொடங்கியது. எரித்திரிய மக்கள் விடுதலை முன்னணி 1977-இல் நக்ஃபாவைப் பிடித்தது. அடுத்த ஆண்டே சோவியத் ஆயுதங்களோடு எத்தியோப்பியப் படை திரும்பி வர, முன்னணி பிடித்த நகரங்களைக் கைவிட்டு இந்த மலைகளுக்குப் பின்வாங்கியது. நக்ஃபாவை மட்டும் கடைசிவரை விடவில்லை.

மே 22

ஊருக்கு மேலே தென்தென் மலை. அதன்மேல் இருப்பவர் கண்ணுக்குத் தப்பி யாரும் ஏறி வர முடியாது. முகடுகளை ஒட்டிப் பாறையை வெட்டி, கல் அடுக்கிப் போராளிகள் பதுங்குகுழிகள் அமைத்தார்கள். 1982-இல் ‘செந்நட்சத்திரம்’ என்ற பெயரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பினார் எத்தியோப்பிய ஆட்சியாளர் மெங்கிஸ்து. ஊர் தரைமட்டமானது, பள்ளிவாசல் மினார் மட்டும் நின்றது. மலை விழவில்லை.

பதுங்குகுழிகளைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். போரை வென்றது அவற்றுக்குப் பின்னால் இருந்த பள்ளத்தாக்குகள் என்பேன். ஒரோட்டா பள்ளத்தாக்கில் மலைச்சரிவைக் குடைந்தும் மரக்கிளைகளால் மூடியும் ஒரு மருத்துவமனையே நடந்தது. விமானத் தாக்குதலுக்குப் பயந்து பகலில் எதுவும் அசையாது. போர்ட் சூடானிலிருந்து சரக்கு லாரிகள் இருட்டிய பிறகே கிளம்பும். மாத்திரை, குளுக்கோஸ் பாட்டில் எல்லாம் அங்கேயே தயாரித்தார்கள். போராளிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். மாதவிடாய்க்கான பஞ்சுப் பட்டைகளும் அங்கேயே தயாராயின. அந்தக் காலத்தில் எந்தப் படை இதை யோசித்தது?

1987-இல் அங்கே போன கண் மருத்துவர் ஃபிரெட் ஹாலோஸ் அசந்துபோனார். அவர் தொடங்கிவைத்த முயற்சியால் 1994-இல் தலைநகர் அஸ்மாராவில் கண்வில்லை ஆலை வந்தது. மதுரை அரோலேப் தயாரிக்கும் அதே செயற்கைக் கண்வில்லைதான்.

போராளிகள் காலில் கிடந்த ‘ஷிடா’ செருப்பும் சொந்தத் தயாரிப்பு. வார் அறுந்தால் நெருப்பில் காட்டி ஒட்டவைத்து, மீண்டும் நடக்கலாம். அஸ்மாராவில் அந்தச் செருப்புக்கு நினைவுச்சின்னமே இருக்கிறது.

மே 24

இன்று எரித்திரியாவின் விடுதலை நாள்.

1988 மார்ச்சில் மலையிலிருந்து இறங்கி அஃபாபெத்தைத் தாக்கினார்கள். பின்வாங்கிய எத்தியோப்பிய டாங்கிகளும் லாரிகளும் கணவாயில் சிக்கின. முன்னால் போனது அடிபட்டு எரிந்ததும் பின்னால் வந்தவை நகர வழியில்லை. அவை எதிரி கையில் சேராதிருக்க எத்தியோப்பிய விமானங்களே குண்டு போட்டன, உள்ளே சொந்த வீரர்கள் இருக்கும்போதே. இதைப் படித்தபின் வெகுநேரம் மேலே படிக்க முடியவில்லை. கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்ட ஏழை விவசாயப் பிள்ளைகள் அவர்களில் எத்தனையோ பேர்.

1990-இல் மஸாவா துறைமுகமும் 1991 மே 24-இல் அஸ்மாராவும் முன்னணியின் கைக்கு வந்தன. 1993-இல் வாக்கெடுப்பு, தனிநாடு. 1997-இல் வந்த நாணயத்துக்கு நக்ஃபா என்றே பெயர் வைத்தார்கள்.

பெயர் வைத்தவர்கள் அந்த மலைகளில் கொடுத்த விடுதலை வாக்கைக் காப்பாற்றவில்லை. பதினெட்டு மாதம் என்று சட்டம் சொல்லும் தேசிய சேவை இளைஞர்களின் வாழ்நாளை விழுங்குகிறது. அதே 1997-இல் ஏற்கப்பட்ட அரசமைப்பு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. விடுதலைக்குப் பின் தேசியத் தேர்தல் ஒன்றுகூட நடக்கவில்லை.