டெம்ப் அடைவு எங்கே இருக்கிறது?

லினக்ஸ் கணினியில் டெம்ப் என்று ஓர் அடைவு உண்டு. மென்பொருட்கள் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் தேவைப்படும் கோப்புகளை எழுதி வைக்கும் இடம் அது. கம்பைலர் தன் இடைநிலைக் கோப்புகளைப் போடுவது, சுருக்கிய கோப்பைப் பிரித்துப் பார்ப்பது எல்லாம் அங்கேதான் நடக்கும். யூடியூப் ஃப்ளாஷில் ஓடிய காலத்தில், லினக்ஸ் வைத்திருந்த மாணவர்கள் பலர் இந்த அடைவுக்குள் புகுந்துதான் வீடியோவை நகலெடுத்துக் கொண்டார்கள்!

இந்த அடைவு வன்தட்டில் இருப்பதாகத்தான் பலரும் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். இப்போது பல வினியோகங்களில் அது ராம் நினைவகத்தில் இருக்கிறது. அதைச் செய்யும் கோப்பு முறைமையின் பெயர் டெம்ப்எஃப்எஸ். யோசனை ஒன்றும் புதிதல்ல. சன் நிறுவனம் 1990 வாக்கிலேயே தன் யூனிக்ஸில் இதை வைத்திருந்தது. லினக்ஸுக்கு இது 2001-ல் வந்த 2.4 கெர்னலோடு வந்து சேர்ந்தது. ஃபெடோரா 18 (2013 ஜனவரி) டெம்ப் அடைவை இயல்பாகவே நினைவகத்துக்கு மாற்றிவிட்டது. டெபியன் மட்டும் தயங்கியது. 7-ஆம் பதிப்புக்காக இதைச் செய்து பார்த்து, 2012-ல் பெரிய வாக்குவாதம் நடந்து, பின்வாங்கிக் கொண்டது. கடைசியில் 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல்தான் அதுவும் மாறியது.

ஏன் இந்த மாற்றம் என்று கேட்டால் "வேகம்" என்று உடனே பதில் வரும். அந்தப் பதில் முழுதும் சரியில்லை. சாதாரண வன்தட்டுக் கோப்பு முறைமையிலும், எழுதுவது எல்லாம் முதலில் நினைவகத்தில்தான் போய் உட்காருகிறது. கெர்னல் அதைச் சாவகாசமாக, பெரும்பாலும் அரை நிமிடம் கழித்துத்தான், தட்டுக்கு அனுப்பும். அதற்குள் கோப்பு அழிக்கப்பட்டால் உள்ளடக்கம் தட்டைத் தொடாமலே போய்விடும். ஆகவே சின்னச் சின்னக் கோப்புகளுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. "இப்போதே தட்டில் எழுது" என்று வற்புறுத்தும் மென்பொருட்களுக்குத்தான் நல்ல லாபம். எஸ்எஸ்டி தேய்வதும் கொஞ்சம் குறையும். உண்மையான நன்மை சுத்தம்தான். மின்சாரம் போனால் குப்பையும் போய்விடும், துடைக்க ஆள் வேண்டாம்.

சரி, சிக்கல் எங்கே? அளவில். டெம்ப்எஃப்எஸ் இயல்பாக ராமில் பாதி வரை வளரலாம். அந்தப் பாதியை முன்கூட்டியே பிடித்து வைப்பதில்லை, கோப்பு வரவரத்தான் எடுத்துக் கொள்ளும். 32 ஜிபி உள்ளவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் விடுதி அறையில் 4 ஜிபி பழைய மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் மாணவனை நினைத்துப் பாருங்கள். ப்ராஜெக்ட்டுக்காக 6 ஜிபி உரைக்கோப்பை சார்ட் கட்டளையால் வரிசைப்படுத்தக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போகிறான். அத்தனை பெரிய கோப்பு நினைவகத்தில் கொள்ளாது என்பதால், சார்ட் அதைத் துண்டு துண்டாக வரிசைப்படுத்தி டெம்ப் அடைவில் வைக்கிறது. 2 ஜிபி நிறைந்ததும் "சாதனத்தில் இடமில்லை" என்று நின்றுவிடுகிறது. வன்தட்டில் 100 ஜிபி காலியாக இருக்கிறது! எங்கே இடமில்லை என்று அவனுக்குப் புரிவதற்கே ஒரு மாலை போய்விடும். டிஎஃப் கட்டளையைத் தட்டி, டெம்ப் தனி வரியாக நிற்பதைப் பார்த்தால்தான் விளங்கும்.

நிறைவதற்கு முன்பே இன்னொரு ஆபத்து உண்டு. டெம்ப்எஃப்எஸ் பக்கங்களை ஸ்வாப்புக்குத் தள்ள முடியும். ஸ்வாப்பே இல்லாத கணினியில் அவை ராமை விட்டு நகராது. உலாவியும் கம்பைலரும் சேர்ந்து மீதி இடத்தையும் தின்றால், கெர்னல் ஏதாவது ஒரு செயல்முறையைக் கொன்று இடம் தேடும். பெரும்பாலும் உலாவிதான் பலி. ஆனால் இடத்தை அடைத்துக் கொண்டிருக்கும் கோப்பு எந்தச் செயல்முறைக்கும் சொந்தமல்ல. ஆகவே யாரைக் கொன்றாலும் அது அப்படியே இருக்கும். கோப்பை யாராவது அழிக்கும்வரை நெருக்கடி தீராது. குற்றவாளி அறைக்குள் உட்கார்ந்திருக்க, வாசலில் நிற்பவர்களை அடிக்கிற கதை இது.

கண்டுபிடிப்பதும் எளிதல்ல. ஃப்ரீ கட்டளையில் இந்தக் கோப்புகள் "கேஷ்" கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. கேஷ் என்றால் தேவைப்படும்போது விட்டுக்கொடுக்கும் இடம் என்றுதான் எல்லோரும் படித்திருக்கிறார்கள். டெம்ப்எஃப்எஸ் பங்கு அப்படி விட்டுக்கொடுக்காது. பக்கத்தில் "ஷேர்டு" என்று ஒரு நெடுவரிசை இருக்கிறதே, யாரும் கவனிக்காத ஒன்று, அதைப் பார்த்தால் ஓரளவு தெரியும்.

டெபியன் 12-லிருந்து 13-க்கு மேம்படுத்தியவர்களுக்கு ஒரு தகவல். பழைய டெம்ப் அடைவில் கிடந்த கோப்புகள் அழிந்துவிடவில்லை. அவற்றின் மேல் புதிய டெம்ப்எஃப்எஸ் வந்து உட்கார்ந்துவிட்டதால் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வன்தட்டில் இடத்தையும் பிடித்துக் கொண்டுதான் இருக்கின்றன. மூல அடைவை வேறோர் இடத்தில் பைண்ட் மவுண்ட் செய்தால் அவற்றைப் பார்க்கலாம், அழிக்கலாம்.

அந்த மாணவனுக்கு வழி இல்லாமல் இல்லை. வார் அடைவுக்குள் இன்னொரு டெம்ப் இருக்கிறது. அது வன்தட்டில் இருப்பது, மறுதொடக்கத்தையும் தாண்டி நிற்பது. பெரிய தற்காலிகக் கோப்புகளுக்காகவே அந்த இடம். புதிதாக நிறுவிய டெபியன் 13-ல் அங்கேயும் 30 நாள் தொடாமல் கிடக்கும் கோப்புகள் துடைக்கப்படும், நினைவகத்தில் உள்ள டெம்ப்புக்கு 10 நாள்தான். எனவே ஆய்வறிக்கையை இரண்டிலும் வைக்கக் கூடாது! சார்ட் கட்டளைக்கு "டி" என்ற பெரிய எழுத்துத் தெரிவைக் கொடுத்து, துண்டுகளை எந்த அடைவில் வைப்பது என்று சொல்லலாம். டி.எம்.பி.டி.ஐ.ஆர். என்ற சூழல் மாறியை மாற்றினால் சார்ட் மட்டுமல்ல, ஒழுங்காக எழுதப்பட்ட மற்ற மென்பொருட்களும் அந்த அடைவையே பயன்படுத்தும். இரண்டுக்கும் ரூட் அனுமதி தேவையில்லை என்பதால் கல்லூரி ஆய்வகக் கணினியிலும் செய்யலாம்.

சொந்தக் கணினி என்றால் டெம்ப்பின் உச்ச அளவை மாற்றிக் கொள்ளலாம். ஒரேயடியாக வேண்டாம் என்றால் சிஸ்டம்டி-யில் டெம்ப் மவுண்ட் யூனிட்டை மாஸ்க் செய்து மறுதொடக்கம் செய்தால், அடைவு பழையபடி வன்தட்டுக்கே திரும்பிவிடும். 4 ஜிபி கணினியில், அதுவும் ஸ்வாப் இல்லாமல், இதைச் செய்துவிடுவதே நல்லது. 16 ஜிபி-க்கு மேல் இருப்பவர்கள் அப்படியே விட்டுவிடலாம்.